புதுக் கைப்பேசியும் பழைய ஜிமெயிலும்

புதிய கைப்பேசி வாங்குகிறவர்கள் முதலில் விசாரிப்பது நிழற்படங்களையும் தொடர்பு எண்களையும் வாட்ஸ்அப் உரையாடல்களையும் பற்றித்தான். காசு கொடுத்து வாங்கிய செயலிகளின் நினைப்பு பெரும்பாலும் சில நாள் கழித்து, அதிலும் பழைய கைப்பேசி எக்ஸ்சேஞ்சில் போய்ச் சேர்ந்த பிறகே வருகிறது. செயலிக்கெல்லாம் யார் காசு கொடுக்கிறார்கள் என்று கேட்பதற்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. கூகுள் நிறுவனம் 2015இல் இந்தியாவில் செயலிகளின் குறைந்தபட்ச விலையை 50 ரூபாயிலிருந்து 10 ரூபாயாக இறக்கிப் பார்த்த காலம் அது. யுபிஐ வந்த பிறகு நிலைமை வேறு. விளம்பரத்தை நீக்குவதற்கு ஒரு தொகை, குழந்தையின் விளையாட்டில் பூட்டியிருந்த பகுதியைத் திறப்பதற்கு ஒரு தொகை, அகராதிக்கும் பாட்டுக் கேட்பதற்கும் ஆவணங்களை ஸ்கேன் செய்வதற்கும் இன்னும் சில தொகைகள் என்று ஒரு சாதாரணக் குடும்பமே சில ஆண்டுகளில் ஆயிரங்களைச் செலவழித்திருக்கும். சிறுகச் சிறுகப் போனதால் அது கணக்கில் வருவதில்லை, அவ்வளவுதான்.

இவற்றைப் பழைய கைப்பேசியிலிருந்து புதியதற்கு எப்படி மாற்றுவது என்று என்னிடம் கேட்பவர்களிடம் நான் திரும்பக் கேட்பது, எந்த ஜிமெயிலில் வாங்கினீர்கள் என்பதைத்தான். ஆண்ட்ராய்டில் நீங்கள் வாங்கிய எந்தச் செயலியும் அந்தக் கருவிக்காக விற்கப்பட்டதன்று. வாங்கிய நேரத்தில் பிளே ஸ்டோரில் எந்த கூகுள் கணக்கு திறந்திருந்ததோ அந்தக் கணக்கின் பெயரில் அது பதிவாகிறது. பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கே வீடு என்பதைப் போல, அந்தக் கணக்கு எந்தக் கைப்பேசியில் ஏறுகிறதோ அங்கே அந்தச் செயலியை மறுபடி காசு கொடுக்காமல் நிறுவிக்கொள்ளலாம். கருவி சாம்சங்காக இருந்து ஷாவ்மியாக மாறினாலும், பழையது தண்ணீரில் விழுந்து செத்துப்போயிருந்தாலும் இதில் எந்த வித்தியாசமும் இல்லை. ஆனால் வாங்கியதை ஒரு கூகுள் கணக்கிலிருந்து இன்னொரு கூகுள் கணக்குக்கு மாற்றித்தரும் வழி எதுவும் கிடையாது. சிக்கல்கள் எல்லாம் இந்த ஒரு இடத்தில்தான் கிளம்புகின்றன.

ஏனென்றால் நம் ஊரில் கைப்பேசிக் கடைகளின் வழக்கம் அப்படி. பெட்டியைப் பிரித்து, திரையில் டெம்பர் கண்ணாடி ஒட்டி, சிம்மைப் போட்டு, வாடிக்கையாளர் காப்பி குடித்து முடிப்பதற்குள் கைப்பேசியைத் தயார் செய்து கொடுத்துவிட வேண்டும் என்பது கடைப் பையனின் அவசரம். பழைய ஜிமெயிலின் கடவுச்சொல் வாடிக்கையாளருக்கு நினைவிருக்காது. மீட்டெடுக்கலாம் என்றால் ஓடிபிக்காகக் காத்திருக்க வேண்டும். புதிதாக ஒரு ஜிமெயில் தொடங்குவதோ சில நிமிட வேலை. அவர் தொடங்கிவிடுகிறார், கடவுச்சொல்லாகக் கைப்பேசி எண்ணையே வைத்துவிட்டு, அதையும் வாடிக்கையாளரிடம் சொல்ல மறந்துவிடுகிறார். இப்படி ஒவ்வொரு கைப்பேசிக்கும் ஒரு ஜிமெயில் என்று சேர்த்துவைத்திருக்கும் பெரியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தொடர்பு எண்கள் சிம்மிலிருந்தோ கடைக்காரரின் கேபிளிலிருந்தோ வந்துவிடுவதால் எல்லாம் வந்துவிட்டது போலத் தோன்றும். காசு கொடுத்தவை மட்டும் பழைய கணக்கிலேயே தங்கிவிடும்.

என் சித்தப்பாவின் கைப்பேசியில் நடந்ததும் இதுதான். அவர் அன்றாடம் காலையில் பார்க்கும் பஞ்சாங்கச் செயலியில் விளம்பரம் வராமல் இருக்கப் பணம் கட்டியிருந்தார். புதுக் கைப்பேசியில் அதே செயலியை நிறுவியதும் ராகு காலத்துக்கு மேலே ஒரு கடன் விளம்பரமும், கீழே ஒரு ரம்மி விளம்பரமும் வந்து நின்றன. “ஏம்மா, காசு கொடுத்து வாங்கினதுதானே இது? மறுபடியும் கேக்குறானே!” என்று கைப்பேசியை நீட்டினார். பிளே ஸ்டோரின் மேல் ஓரத்தில் இருக்கும் வட்டத்தைத் தொட்டேன். ஒரே ஒரு கணக்குதான் இருந்தது, அதுவும் கடையில் தொடங்கிய புதியது. “நீங்க வாங்கினது வேற ஜிமெயில்ல சித்தப்பா. பழைய ஐடி என்ன?” என்று கேட்டதற்கு, “எனக்கு ஏதும்மா ஐடி? கடைக்காரத் தம்பிதான் போட்டுக் கொடுத்தாரு” என்றார்.

பழைய கணக்கின் முகவரி தெரியாவிட்டாலும் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கூகுளின் உள்நுழைவுப் பக்கத்தில் மின்னஞ்சல் மறந்துவிட்டது என்பதைத் தேர்ந்தெடுத்தால், கைப்பேசி எண்ணையும் கணக்கில் பதிந்திருக்கும் முழுப் பெயரையும் கேட்டு, எண்ணுக்கு ஓடிபி அனுப்பி, பொருந்தும் கணக்குகளைக் காட்டும். எண் அன்றைக்கு அந்தக் கணக்கோடு இணைக்கப்பட்டிருந்தால்தான் இது நடக்கும். எண் இருந்தாலும் பெயரில் இடறும். கடைக்காரர் இனிஷியலை முன்னால் போட்டாரா பின்னால் போட்டாரா, அப்பா பெயரை முழுவதுமாக எழுதினாரா, ஆங்கிலத்தில் ‘ழ’வுக்கு எந்த எழுத்தைப் போட்டார் என்று ஒவ்வொன்றாக முயல வேண்டியிருந்தது. தமிழ்ப் பெயர்களுக்கு முதல் பெயர், கடைசிப் பெயர் என்ற பிரிவே இயல்பில் இல்லை என்பதை அந்தப் படிவத்தை அமைத்தவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். கடைசியில் இனிஷியல் கடைசிப் பெயராக உட்கார்ந்திருந்த கணக்கு ஒன்று அகப்பட்டது.

அகப்பட்ட கணக்கில்தான் வாங்கினோமா என்பதை உறுதி செய்வதற்கு நான் எப்போதும் கையாளும் முறை, அந்த ஜிமெயிலின் தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் ஜி, பி, ஏ என்ற மூன்று எழுத்துகளைத் தட்டிப் பார்ப்பது. பிளே ஸ்டோரில் எதை வாங்கினாலும் கூகுள் ஒரு ரசீதை மின்னஞ்சலில் அனுப்பும். அதிலுள்ள ஆர்டர் எண் அந்த மூன்று எழுத்துகளில்தான் தொடங்கும். ரசீது வந்திருந்தால் வாங்கிய கணக்கு அதுவே. மின்னஞ்சலை அழித்திருந்தாலும் பாதகமில்லை. பிளே ஸ்டோரில் அந்தக் கணக்குக்கு மாறி, பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் பகுதியில் பட்ஜெட் அண்ட் ஹிஸ்டரியைத் திறந்தால் வாங்கியவை தேதியோடு வரிசையாக நிற்கும். சித்தப்பாவின் பழைய கணக்கில் பஞ்சாங்கத்தோடு, அவர் மறந்தே போயிருந்த ஒரு சதுரங்க விளையாட்டும் இருந்தது.

கணக்கைப் புதுக் கைப்பேசியில் சேர்த்தவுடன் விளம்பரம் போய்விடும் என்று எதிர்பார்த்தால் அது போகாது. ஒரே கைப்பேசியில் இரண்டு கூகுள் கணக்குகள் இருக்கும்போது, செயலியை நிறுவிய கணக்கு எதுவோ அதன் வாங்கல்களைத்தான் பிளே ஸ்டோர் அந்தச் செயலிக்குக் காட்டும். எனவே அந்தச் செயலியை நீக்கிவிட்டு, பிளே ஸ்டோரில் வட்டத்தைத் தொட்டுப் பழைய கணக்குக்கு மாறி, அங்கிருந்து மறுபடி நிறுவ வேண்டும். இந்த ஒரு படியைத் தெரியாமல் இரண்டாவது முறை காசு கட்டியவர்கள் ஏராளம். அப்படிக் கட்டிவிட்டவர்கள் 48 மணி நேரத்துக்குள் கூகுளிடம் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதற்குப் பிறகு என்றால் செயலியை உருவாக்கியவரிடம்தான் போய் நிற்க வேண்டும்.

கணக்கு சரியாக இருந்தும் முழுப் பயன் வராத செயலிகள் சில உண்டு. பவர்ஆம்ப் என்ற இசைச் செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். இலவசமாக நிறுவும் செயலி ஒன்று, அதைத் திறந்துவிடுவதற்காகக் காசு கொடுத்து வாங்கும் சாவிச் செயலி இன்னொன்று. முகப்புத் திரையை மாற்றியமைக்கும் நோவா லாஞ்சரும் இப்படித்தான், பிரைம் என்ற சாவியைத் தனியாக விற்றது. புதுக் கைப்பேசியில் முதலாவதை மட்டும் நிறுவிவிட்டு, வாங்கியது போய்விட்டதே என்று புலம்புகிறவர்களுக்குச் சாவியை நிறுவாததுதான் குறை. பிளே ஸ்டோரில் மேனேஜ் ஆப்ஸ் பகுதிக்குப் போய், நிறுவப்படாதவை என்று வடிகட்டிப் பார்த்தால் அந்தக் கணக்கில் இதுவரை நிறுவிய அனைத்தும் தெரியும். சாவிகளும் அதற்குள் எங்கோ கிடக்கும்.

விளையாட்டுகளில் வாங்கும் நாணயங்களும் வைரங்களும் வேறு வகை. விளம்பரத்தை நீக்குவது போன்ற நிரந்தர வாங்கலைப் பிளே ஸ்டோர் நினைவில் வைத்திருக்கும். செலவழிந்து தீரும் பொருளை அது விற்ற கையோடு மறந்துவிடும். மீதி நாணயம் எவ்வளவு என்பது விளையாட்டு நிறுவனத்தின் சர்வரிலோ அந்தக் கைப்பேசிக்குள்ளேயோதான் பதிவாகியிருக்கும். ஆகவே பிள்ளைகள் எந்தக் கணக்கோடும் இணைக்காமல் விருந்தினராக ஆடிக்கொண்டிருந்தால், பழைய கைப்பேசி கையில் இருக்கும்போதே விளையாட்டின் அமைப்புகளுக்குள் போய் அதை கூகுள் பிளே கேம்ஸ் கணக்கோடோ மின்னஞ்சலோடோ இணைத்துவிட வேண்டும். ஆண்ட்ராய்டின் தானியங்கி பேக்கப் காப்பாற்றும் என்று நம்பியிருப்பது நல்லதில்லை. அது ஒரு செயலிக்கு 25 எம்பி வரைதான் எடுத்துவைக்கும், அதையும் செயலியை உருவாக்கியவர் வேண்டாம் என்று அடைத்துவிட முடியும்.

கேபிளும் வேண்டாம், கணக்கும் வேண்டாம், செயலியையே கோப்பாக அனுப்பிவிடலாம் என்ற பழக்கம் நம்மிடையே வெகுநாள் இருந்தது. ஷேர்இட், ஸெண்டர் போன்றவற்றில் ஒரு கைப்பேசியிலிருந்து இன்னொன்றுக்குச் செயலிகளைத் தள்ளிவிடுவது டேட்டா விலை உயர்ந்திருந்த நாட்களில் எல்லோரும் செய்ததுதான். 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் இவை இரண்டும் இருந்தன. தடை இல்லாவிட்டாலும் இந்த வழி இன்று பயன்படாது. காசு கொடுத்த செயலிகளில் பல, திறந்தவுடன் பிளே ஸ்டோரிடம் உரிமம் கேட்கும். கணக்கு பொருந்தாவிட்டால் அதோடு நின்றுவிடும். மேலும் 2021 ஆகஸ்ட் முதல் புதிய செயலிகள் ஒவ்வொரு கருவிக்கும் ஏற்றபடி துண்டு துண்டாகப் பிரித்துத் தரப்படுவதால், ஒரு கைப்பேசிக்கு வந்த கோப்பு இன்னொன்றில் சரியாக ஓடும் என்ற உறுதி இல்லை. அதே தடைப் பட்டியலில் கேம்ஸ்கேனரும் இருந்தது. ஸ்கேன் செய்வதற்காக அதற்குப் பணம் கட்டியிருந்த வக்கீல்களும் ஆசிரியர்களும் புதுக் கைப்பேசி வாங்கியபோது, கணக்கு சரியாக இருந்தும் இந்தியாவுக்கான பிளே ஸ்டோரில் அந்தச் செயலியே இல்லை என்பதைக் கண்டார்கள். வாங்குவது என்று நாம் சொல்வது உண்மையில் பயன்படுத்தும் அனுமதி மட்டுமே. கடையிலிருந்து பொருளையே எடுத்துவிட்டால் அனுமதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பழைய செயலிகளுக்கு வேறொரு தடையும் உண்டு. ஆப்பிள் 2017இல் ஐஓஎஸ் 11ஐ வெளியிட்டபோது 32 பிட் எனப்படும் பழைய வகைச் செயலிகளை அடியோடு கைவிட்டது. ஆண்ட்ராய்டில் 2022இல் வந்த பிக்சல் 7, 64 பிட் எனப்படும் புதிய வகைச் செயலிகளை மட்டுமே ஏற்கும் கைப்பேசியாக வந்தது. பல ஆண்டுகளுக்கு முன் வாங்கி, உருவாக்கியவரும் கைவிட்டுவிட்ட ஒரு செயலியை நீங்கள் விடாமல் பயன்படுத்துகிறீர்கள் என்றால், அதற்காகவே பழைய கைப்பேசியை வீட்டில் வைத்துக்கொள்வதுதான் வழி. அதற்குள் எழுதி வைத்திருக்கும் குறிப்புகளையோ கணக்குகளையோ ஏற்றுமதி செய்து எடுத்துவிடுவது அதைவிட முக்கியம்.

ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது சற்றுக் கசப்பாக இருக்கும். பிளே ஸ்டோரில் வாங்கிய செயலிகள் அங்கே செல்லாது. ஆப்பிள் தரும் மூவ் டு ஐஓஎஸ் செயலி தொடர்பு எண்களையும் குறுஞ்செய்திகளையும் படங்களையும் நாட்காட்டியையும் கொண்டுபோகும். ஆப் ஸ்டோரிலும் இருக்கும் இலவசச் செயலிகளை எடுத்துக்கொடுக்கும். காசு கொடுத்தவற்றை மறுபடி காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஐபோனின் விலையோடு இதையும் கூட்டிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். தப்பிப்பவை, செயலியை உருவாக்கிய நிறுவனத்திலேயே நேரடியாகக் கணக்குத் தொடங்கிச் சந்தா கட்டியவை போன்றவைதான். மைக்ரோசாஃப்ட் 365 போன்றவற்றில் அதே மின்னஞ்சலோடு உள்ளே போனால் சந்தா எந்தக் கருவியிலும் செல்லும்.

பிளே ஸ்டோர் வழியாகக் கட்டும் சந்தாவில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. செயலியை நீக்கினாலும், கைப்பேசியையே விற்றாலும், ஐபோனுக்கே மாறினாலும் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரின் சந்தாப் பக்கத்தில் போய் நிறுத்தும் வரை மாதாமாதம் பணம் போய்க்கொண்டுதான் இருக்கும். ரிசர்வ் வங்கியின் விதிப்படி இத்தகைய தொகை எடுக்கப்படுவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பே வங்கியிலிருந்து அறிவிப்பு வந்தாக வேண்டும். விளம்பரம் என்று எண்ணி நாம் தள்ளிவிடும் குறுஞ்செய்திகளுக்கு நடுவில் அதுவும் ஒன்றாகக் கிடக்கிறது.

ஐபோனிலிருந்து ஐபோனுக்கு மாறுவது ஒப்பீட்டில் எளிது. ஆப்பிள் கணக்கு ஒன்றேதான் என்றால், ஆப் ஸ்டோரில் வாங்கியவற்றின் பட்டியலில் இருந்து இறக்கிக்கொள்ளலாம்; செயலிக்குள் வாங்கியதை மீட்டுத்தரும் ரெஸ்டோர் பர்சேஸஸ் என்ற பொத்தானை வைக்க வேண்டும் என்று ஆப்பிள் தன் விதிகளிலேயே சொல்லியிருப்பதால், அமைப்புகளுக்குள் தேடினால் அது இருக்கும். இரண்டு ஆப்பிள் கணக்குகளில் வாங்கிச் சிதறியிருப்பவற்றை ஒன்றாகச் சேர்க்கும் வசதியை அந்த நிறுவனம் 2025 பிப்ரவரியில் கொண்டுவந்தது. அறிமுகமானபோது ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன் ஆகியவற்றோடு இந்தியாவையும் அதிலிருந்து விலக்கிவைத்துவிட்டார்கள். வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் இதில்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். ஆப்பிள் கணக்கில் அந்த நாட்டு இருப்புத் தொகை மீதம் இருந்தாலோ சந்தா ஓடிக்கொண்டிருந்தாலோ கணக்கின் நாட்டை இந்தியாவுக்கு மாற்ற முடியாது. கூகுள் பிளேயில் நாட்டை மாற்றலாம், ஆனால் மாற்றியபின் ஓராண்டு காத்திருக்க வேண்டும், பழைய நாட்டின் இருப்பும் புதிய நாட்டில் செல்லாது. ஊருக்குக் கிளம்புவதற்கு முன்பே அந்த இருப்பைச் செலவழித்துவிடுவது நல்லது.

இனி, பழைய கைப்பேசியைக் கைமாற்றும் கட்டம். இணையத்தில் எக்ஸ்சேஞ்சோடு வாங்கினால், புதுப் பெட்டியைக் கொண்டுவருபவர் வாசலிலேயே பழையதைச் சோதித்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். இரண்டு கைப்பேசிகளும் ஒரே நேரத்தில் உங்கள் கையில் இருக்கும் அவகாசம் கிடைக்காது. அவர் லாக்கை எடுங்கள், ரீசெட் செய்யுங்கள் என்று நின்றுகொண்டிருக்கும்போது, ஜிமெயிலின் கடவுச்சொல்லைத் தேட முடியாது. புதுக் கைப்பேசியில் உள்ளே நுழையும்போது, பழைய கைப்பேசியில் ‘ஆம்’ என்று தொடுங்கள் என்று கூகுள் கேட்கும். அதற்குள் பழையது ஆட்டோவில் போய்க்கொண்டிருக்கும். ஆகவே முந்தைய நாளே கடவுச்சொல்லை ஒரு முறை தட்டிச் சரிபார்த்து, மீட்பு எண் இப்போது கையிலிருக்கும் எண்தானா என்று பார்த்து, கைப்பேசி கையில் இல்லாதபோது உள்ளே நுழைவதற்காகக் கூகுள் தரும் பேக்கப் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். உள்நுழைவுக்கான குறியீடுகளைக் காட்டும் கூகுள் ஆதென்டிகேட்டர் செயலியை வைத்திருப்பவர்கள் அதில் கணக்கோடு இணைக்கும் வசதி இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம். 2023இல்தான் அந்த வசதியே வந்தது, அதற்கு முன்பு நிறுவி அப்படியே விட்டவர்களின் குறியீடுகள் அந்தக் கருவிக்குள் மட்டும் இருக்கலாம். வங்கிச் செயலிகளும் யுபிஐ செயலிகளும் எப்படியும் புதிதாகத்தான் பதிவாகும். சிம் புதுக் கைப்பேசிக்குள் இருந்து, அதிலிருந்தே குறுஞ்செய்தி போக வேண்டும்.

கணக்கை நீக்கினால் வாங்கியதெல்லாம் அழிந்துவிடுமோ என்று சித்தப்பா பயந்தது போலப் பலரும் பயப்படுகிறார்கள். கைப்பேசியின் அமைப்புகளில் கணக்கை எடுப்பது, அந்தக் கருவிக்கும் கணக்குக்கும் இருந்த தொடர்பை அறுப்பது மட்டுமே. கணக்கு கூகுளிடம் அப்படியே இருக்கும். எடுக்காமல் ரீசெட் செய்தால்தான் வம்பு. அடுத்தவர் கைப்பேசியைத் திறக்கும்போது உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கக்கூடும், எக்ஸ்சேஞ்சில் வாங்கியவர் உங்களைத் தேடி வருவார். ஐபோனில் தொலைந்த கருவியைத் தேடித்தரும் ஃபைண்ட் மை வசதியை அணைக்காவிட்டாலும் இதே கதைதான். மறுபக்கம், பழைய ஜிமெயிலைப் புதுக் கைப்பேசியில் ஏற்றாமல் மறந்துபோவதும் ஆபத்து. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாமல் கிடக்கும் தனிநபர் கணக்குகளை அழிக்கலாம் என்ற விதியை கூகுள் 2023 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்தியிருக்கிறது.

கடையில் வாங்குகிறவர்களுக்கு இதைவிட எளிய வழி இருக்கிறது. கூகுள் கணக்கு கேட்கும் திரை வரும்போது, தவிர்த்துவிடுங்கள் தம்பி, வீட்டில் போய் நானே போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிடலாம். கணக்கு இல்லாமலேயே கைப்பேசி திறக்கும், கேமராவும் ஸ்பீக்கரும் வேலை செய்கின்றனவா என்று அங்கேயே பார்த்துவிடலாம். எக்ஸ்சேஞ்சில் தருவதாகச் சொல்லும் தொகை சில நூறு ரூபாய்தான் என்றால், பழையதைக் கொடுக்காமல் ஓரிரு வாரம் வைஃபையில் வைத்திருக்கச் சொல்வேன். விட்டுப்போனது எது என்பது மின் கட்டணமோ பள்ளிக் கட்டணமோ கட்டும் நாளில்தான் தெரியவரும்.